ரத்தத்தில் செரட்டோனின் அதிகம்னு வந்திருக்கு, எதைச் சாப்பிட்டால் குறையும்?

போன வாரம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓர் அக்கா, தம்பியின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். தம்பிக்கு 26 வயது, ஓசூரில் ஷிஃப்ட் வேலை. ஆறு மாதமாகத் தூக்கம் சரியில்லை, படபடப்பு, அடிக்கடி வயிற்றுக் கலக்கம். முழு உடல் பரிசோதனை எடுக்கும்போது யாரோ சொன்னார்கள் என்று ரத்தத்தில் செரட்டோனின் அளவையும் சேர்த்துப் பார்த்திருக்கிறான். 318 நானோகிராம் என்று வந்திருக்கிறது. பக்கத்தில் அந்த லேப் போட்டிருக்கும் அளவு 50 முதல் 200. படபடப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த எஸ்சிடலோபிராம் மாத்திரையை, "ஏற்கெனவே அதிகமா இருக்கு, இது இன்னும் ஏத்திடும்" என்று பயந்து தொடவே இல்லை. வீடியோ பார்த்து வாழைப்பழம், முட்டை, பால், கடைசியில் கேழ்வரகுக் களி வரைக்கும் நிறுத்திவிட்டான். ஜிம்மில் சொன்ன அமினோ பவுடரும், தூக்கத்துக்கென்று வாங்கிய ஒரு காப்சூலும் மட்டும் ஓடுகின்றன. அந்த டப்பாக்களும் அக்காவின் பையில் இருந்தன. "எதைக் கொடுத்தா இது குறையும், ஏதாவது சப்ளிமென்ட் இருக்கா?" என்பது அக்காவின் கேள்வி.

மாலை நேரக் கூட்டத்தில் கவுன்ட்டரில் நின்று சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் அந்த அக்காவுக்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.ஃபார்ம் படித்துவிட்டு தருமபுரியில் 24 வருடமாக மருந்துக் கடை நடத்துகிறவன்.

நேர் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். செரட்டோனினைக் குறைக்கும் என்று நம்பி வாங்கக்கூடிய பவுடரோ காப்சூலோ என் அலமாரியில் இல்லை, வேறு யாருடைய அலமாரியிலும் இல்லை. சாப்பாட்டை வெட்டியும் குறைக்க முடியாது. ஆனால் உங்கள் பையில் இருந்த டப்பாக்களில் ஒன்றை இன்றே நிறுத்த வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

செரட்டோனின் என்ற இந்த ரசாயனத்தின் பெயரைக் கேட்டதும் எல்லோரும் மூளையை, மனநிலையை நினைக்கிறார்கள். அதன் பிறப்பிடம் வேறு. இத்தாலியில் எர்ஸ்பாமர் என்பவர் 1930-களில் இதைக் குடலில்தான் கண்டார், 'என்டரமின்' என்று பெயர் வைத்தார். 1948-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மூன்று ஆராய்ச்சியாளர்கள் ரத்தக் குழாயைச் சுருக்கும் ஒரு பொருளை, ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீரான சீரத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். சீரத்தில் கிடைத்தது, குழாயின் 'டோன்' எனப்படும் இறுக்கத்தை மாற்றுகிறது, ஆகவே செரட்டோனின். இரண்டும் ஒரே பொருள்தான் என்று 1952-ல் தெரிந்தது. மூளையிலும் இருக்கிறது என்று பெட்டி ட்வாராக் காட்டியது அதற்கும் அடுத்த வருடம். இன்றைக்கும் கணக்கு அதுதான்: உடம்பின் செரட்டோனினில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குடலில் தயாராகிறது. மூளை தனக்கு வேண்டிய கொஞ்சத்தைத் தனியாகத் தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் செரட்டோனின் மூளைக்குள் போகாது, நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. ஆக, ரிப்போர்ட்டில் இருக்கும் 318 உங்கள் தம்பியின் படபடப்பைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

சரி, அப்புறம் அது எதைச் சொல்கிறது? பெரும்பாலும் தட்டணுக்களைப் பற்றிச் சொல்கிறது. டெங்கு வந்தால் எண்ணுகிறோமே, அதே தட்டணுக்கள்தான். அவை சொந்தமாகச் செரட்டோனின் தயாரிப்பதில்லை. குடல் வழியாகப் போகும்போது அங்கே கசிவதை உறிஞ்சி உள்ளே சேமித்துக்கொள்கின்றன. தட்டணு எண்ணிக்கை கூடினால் இந்த எண்ணும் கூடும். ரத்தம் எடுத்த குழாயை எப்படி வைத்தார்கள், எவ்வளவு சீக்கிரம் குளிரில் போட்டார்கள், முழு ரத்தத்தில் பார்த்தார்களா சீரத்தில் பார்த்தார்களா, எல்லாமே எண்ணை மாற்றும். இங்கே எடுத்த ரத்தம் பெரிய ஊர் லேபுக்குப் போய்த்தான் இந்தச் சோதனை நடக்கிறது. வழியில் தட்டணு உடைந்தால் உள்ளே இருந்தது வெளியே கொட்டிவிடும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

எஸ்சிடலோபிராம் பயத்துக்கு வருவோம். செரட்டோனின் செல்லுக்குள் திரும்ப உறிஞ்சப்படும் வாசலை அந்த மாத்திரை அடைக்கிறது. தட்டணுவிலும் அதே வாசல்தான். வாசல் அடைபட்டால் தட்டணு புதிதாகச் செரட்டோனின் ஏற்ற முடியாது. தட்டணுவின் ஆயுள் பத்து நாள் அளவுதான். ஆகவே சில வாரங்களில் பழையவை போய், காலித் தட்டணுக்கள்தான் ரத்தத்தில் சுற்றும். அந்த மாத்திரையை இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு இதே பரிசோதனையைத் திரும்ப எடுத்தால் எண் ஏறாது, விழும். நன்றாகவே விழும். ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால், அதைச் செய்யக்கூடியது உங்கள் தம்பி பயந்து ஒதுக்கி வைத்த அதே மாத்திரைதான்! ஆனால் டாக்டர் அதை எழுதியது எண்ணுக்காக இல்லை, படபடப்புக்காக. முதல் வாரம் பத்து நாள் குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம், குடலிலும் அதே வாசல் இருப்பதால்தான். பெரும்பாலோருக்கு அது அடங்கிவிடும். தட்டணு காலியாக இருப்பதால், மாத்திரை நடக்கும் காலத்தில் உடம்பு வலிக்கு ஐபுப்ரூஃபன், ஆஸ்பிரின் என்று தானாக வாங்கிப் போடாமல் இருந்தால் நல்லது, ரத்தக் கசிவு கொஞ்சம் கூடும்.

எண்ணைக் குறைத்தால் நோய் குறைந்துவிடும் என்ற நம்பிக்கை ஏற்கெனவே ஒரு முறை தோற்றிருக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ரத்தச் செரட்டோனின் கூடுதலாக இருப்பது 1961-லேயே கவனிக்கப்பட்டது. 1980-களில் ஃபென்ஃபுளூரமின் என்ற மருந்தைக் கொடுத்து அதைக் குறைத்துப் பார்த்தார்கள். எண் நன்றாகவே இறங்கியது. பிள்ளைகளிடம் நம்பும்படியான முன்னேற்றம் ஒன்றும் வரவில்லை. உடல் எடை குறைக்க விற்ற அதே மருந்து இதய வால்வைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1997-ல் சந்தையிலிருந்து எடுத்தார்கள்.

இனி சாப்பாடு. உடம்பு செரட்டோனின் செய்வது டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து. பால், முட்டை, கறி, பருப்பு, கேழ்வரகு என்று புரதம் உள்ள எதிலும் அது இருக்கும். ஆகவே அதையெல்லாம் நிறுத்தினால் செரட்டோனின் குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறான் தம்பி. தர்க்கம் சரி மாதிரித்தான் தெரியும். ஆனால் சாப்பிடும் டிரிப்டோஃபானில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் செரட்டோனின் ஆகிறது. மீதி தசைக்கும், நியாசின் என்ற வைட்டமினுக்கும், வேறு வேலைகளுக்கும் போகிறது. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கு வரும் தண்ணீரில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சின்ன வாய்க்காலில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாய்க்காலைக் குறைக்கத் தென்பெண்ணையையே மறித்தால் வாய்க்கால் காய்வதற்கு முன் வயல் காய்ந்துவிடும்.

அறுபது கிலோ ஆளுக்கு நாளுக்குச் சுமார் 240 மில்லிகிராம் டிரிப்டோஃபான் கட்டாயம் தேவை, உடம்பால் அதைத் தயாரிக்க முடியாது. முட்டையும் பாலும் களியும் நிறுத்தி, ஓவர்டைம் பார்த்து, வெள்ளைச் சோறும் ஊறுகாயுமாக ஓட்டுகிற பையனுக்கு இது எட்டுமா என்பதே சந்தேகம்.

வாழைப்பழம், தக்காளி, கத்தரிக்காய், அன்னாசி ஆகியவற்றில் செரட்டோனினே நேரடியாக இருக்கிறது என்பது உண்மை. அதை வைத்துத்தான் அந்த வீடியோக்கள் ஓடுகின்றன. ஆனால் வாய் வழியாகப் போகும் செரட்டோனினைக் குடலும் கல்லீரலும் உடைத்துச் சிறுநீரில் தள்ளிவிடுகின்றன. மூளைக்கும் போகாது, சந்தோஷமும் தராது, படபடப்பும் தராது. ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி மண்டியில் நாள் முழுக்கத் தக்காளியோடு கிடக்கிறவர்களைப் பார்த்தாலே தெரியாதா.

அமினோ பவுடர் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. ஜிம் பையன்கள் பி.சி.ஏ.ஏ. என்று சொல்வது லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள். மூளைக்குள் போகும் வாசலில் இவையும் டிரிப்டோஃபானும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இவை கூட்டமாக வந்தால் டிரிப்டோஃபானுக்கு இடம் குறையும். விளையாட்டு வீரர்களின் களைப்பைத் தள்ளிப்போட இது உதவுமா என்று 1980-களிலிருந்து பார்த்துவருகிறார்கள், உதவுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. குடலில் தயாராகும் செரட்டோனினை இது ஒன்றும் செய்யாது. ஆகவே ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணும் இதனால் குறையப்போவதில்லை. ஒருவேளை மூளையில் குறைத்துவிட்டது என்றே வையுங்கள், தூக்கமில்லாமல் படபடப்போடு இருக்கிறவனுக்கு அது வேண்டியதா? டிரிப்டோஃபான் இல்லாத அமினோக் கலவையைக் குடிக்கக் கொடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். சில மணி நேரத்தில் ரத்தத்தில் டிரிப்டோஃபான் சரிந்தது. மனச்சோர்விலிருந்து மருந்தால் மீண்டிருந்தவர்களில் பலருக்கு அன்றைக்கே சோர்வு திரும்பியது. பழையபடி சாப்பிட்டதும் சரியானார்கள்.

லியூசின் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது சோளம். கல்லூரியில் படித்ததில் இன்றுவரை மறக்காத ஒன்று இது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-ல் நம் குன்னூரில் பிறந்து 1958-ல் அங்கே குடிபெயர்ந்தது. அங்கே டாக்டர் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் தக்காணத்துச் சோளம் உண்ணும் ஏழைகளிடம், நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோயைப் பார்த்தார்கள். வெயில் படும் இடமெல்லாம் தோல் கருத்து உரியும், வயிறு போகும், மனம் கலங்கும். மக்காச்சோளம் தின்கிறவர்களுக்கு அது வரும் என்று உலகத்துக்குத் தெரியும், அதில் டிரிப்டோஃபான் குறைவு. சோளத்தில் அப்படிக் குறைவில்லை. ஆனால் லியூசின் மிக அதிகம். அந்த மிகுதி டிரிப்டோஃபானையும் நியாசினையும் குலைக்கிறது என்று 1960-ல் எழுதினார்கள். அந்த விளக்கம் பிறகு நிறைய விவாதிக்கப்பட்டது, எல்லோரும் ஏற்கவில்லை. எப்படியானாலும், கூலிக்காரனுக்கு வேறு வழியில்லாமல் வந்த ஒரு சாப்பாட்டுக் குறையை, இன்று காசு கொடுத்து டப்பாவில் வாங்கிச் செயற்கையாக உண்டாக்கப் பார்ப்பது எனக்கு விசித்திரமாக இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் சோளக்களியோடு கீரை, கொள்ளு, அவரை என்று கலந்து தின்றதால் பிழைத்தார்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்கால் சூப்பில் டிரிப்டோஃபான் இல்லை, அதனால் நல்லது என்கிறார்கள். எலும்பிலிருந்து இறங்கும் ஜெலட்டினில் இல்லைதான். ஆனால் கூட இரண்டு இட்லி சாப்பிட்டதும் அந்தக் கணக்கு போச்சு. வைட்டமின் பி6, செரட்டோனினைக் கூட்டும் என்று ஒரு வீடியோ, குறைக்கும் என்று இன்னொரு வீடியோ. அதிக அளவில் மாதக்கணக்கில் விழுங்கினால் கால் மரத்துப்போகலாம் என்பது மட்டும் நிச்சயம். அமுக்கரா தூக்கத்துக்கு என்று விற்கிறது. செரட்டோனினைக் குறைக்க அதை நம்புவதற்கு ஆதாரம் இல்லை. அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் தொடக்கூடாது.

இப்போது அந்த டப்பா. பவுடரோடு, 'தூக்கத்துக்கு, இயற்கை மூலிகை' என்று ஒரு காப்சூலும் ஆன்லைனில் வாங்கிச் சாப்பிடுகிறான் என்றீர்களே, அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது பார்த்தீர்களா? 5-எச்.டி.பி., 100 மில்லிகிராம். ஆப்பிரிக்கக் கொடி ஒன்றின் விதையிலிருந்து எடுப்பது, ஆகவே இயற்கைதான். ஆனால் இது செரட்டோனினுக்கு ஒரே படி முந்தைய பொருள். டிரிப்டோஃபானைச் செரட்டோனின் ஆக்குவதில் உடம்பு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது, முதல் படியில்தான் பிரேக். இந்தக் காப்சூல் பிரேக்கைத் தாண்டி உள்ளே குதிக்கிறது. மூளைக்குப் போகுமுன்பே பெரும்பகுதி குடலிலும் உடம்பிலும் செரட்டோனினாக மாறிவிடும். வயிறு கலங்குவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம், ரிப்போர்ட் எண்ணுக்கும் இருக்கலாம். முட்டையையும் களியையும் நிறுத்திவிட்டு இதை மட்டும் விடாமல் சாப்பிட்டிருக்கிறான்!

இதை நிறுத்தச் சொல்வதற்கு இன்னொரு காரணம் முக்கியமானது. 5-எச்.டி.பி.யையும் எஸ்சிடலோபிராமையும் சேர்த்து எடுக்கக் கூடாது. செரட்டோனின் உண்மையிலேயே அபாயமாகும் நிலை ஒன்று உண்டு, செரட்டோனின் சிண்ட்ரோம் என்பார்கள். அது வாழைப்பழத்தால் வருவதில்லை, மருந்தோடு மருந்து மோதுவதால் வருகிறது. எஸ்சிடலோபிராம் மாதிரி மன அழுத்த மாத்திரையோடு டிரமடால் என்ற வலி மாத்திரை, டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள வறட்டு இருமல் மருந்து, மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கும் லினெசோலிட், வெளிநாட்டுச் சப்ளிமென்ட்களில் வரும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இந்த 5-எச்.டி.பி. ஆகிய இவற்றில் ஏதாவது சேரும்போது வரலாம். சேர்த்த எல்லோருக்கும் வராது. வந்தால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள்: கைகால் நடுக்கம், வியர்வை, நெஞ்சு படபடப்பு, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாமை, கால் தானாக வெட்டி வெட்டி இழுப்பது, முற்றினால் கடும் காய்ச்சல்.

ஒரு சம்பவத்தைச் சொல்லத்தான் வேண்டும். சில வருடம் முன்பு பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் முதுகு வலிக்கு எழுதிய சீட்டோடு வந்தார். டிரமடால் இருந்தது, கொடுத்தேன். வேறு ஊர் டாக்டரிடம் செர்ட்ராலின் என்ற மன அழுத்த மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார் என்பது எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. இரவு எட்டு மணிக்கு மகன் அவரைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். சட்டை நனைந்திருக்கிறது, கை நடுங்குகிறது, பெஞ்சில் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நிற்கிறார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று வழியில் டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாத்திரை அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், அட்டைகளைக் கையில் கொடுத்து. இரண்டு நாளில் நன்றாகி வந்துவிட்டார். அன்றிலிருந்து யார் டிரமடால் சீட்டு நீட்டினாலும், இருமல் மருந்து கேட்டாலும், "தூக்கத்துக்கு, மனசுக்கு எதுவும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்காமல் கொடுப்பதில்லை. சிலருக்குக் கோபம் வருகிறது, பரவாயில்லை.

அந்த நிலைக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று சைப்ரோஹெப்டாடின். பிள்ளைகளுக்குப் பசி எடுக்க என்று வீட்டுக்கு வீடு வாங்குகிறார்களே, அதேதான். செரட்டோனின் போய் ஒட்டும் இடத்தை அது அடைக்கும், அளவைக் குறைக்காது. வாந்திக்குத் தரும் ஒன்டன்செட்ரானும் அப்படித்தான், குடலில் இன்னொரு இடத்தை அடைக்கிறது. இதை வாங்கித் தம்பிக்குப் போடலாமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

உண்மையாகவே உடம்பு செரட்டோனினை அளவுக்கு மீறிக் கொட்டும் நோய் ஒன்று உண்டு. அபூர்வமானது, கார்சினாய்டு என்ற வகைக் கட்டி. பெரும்பாலும் குடலில் தொடங்கி, கல்லீரலுக்குப் பரவிய பிறகே தன்னைக் காட்டும். முகமும் கழுத்தும் திடீரென்று சிவந்து சுடும், வியர்க்காது. நாளுக்குப் பல முறை தண்ணீராகப் போகும், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பியும் போகும். வீசிங் வரும். நாள்பட்டால் இதயத்தின் வலப்பக்க வால்வு கெடும். அங்கே டிரிப்டோஃபானில் பெரும்பகுதியைக் கட்டியே இழுத்துக்கொள்வதால் பெல்லாக்ராவே வந்துவிடும். அவர்களுக்குப் புரதமும் நியாசினும் கூட்டித்தான் கொடுப்பார்கள், குறைத்து அல்ல. சிகிச்சை ஆக்ட்ரியோடைட் ஊசி, முடிந்தால் அறுவை. குடலில் அந்த முதல் படியையே மறிக்கும் டெலோட்ரிஸ்டாட் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2017-ல் அனுமதி கிடைத்தது. தம்பிக்கு இந்த அறிகுறிகள் இருப்பதாக நீங்கள் சொல்லவில்லை. இருந்தாலும் டாக்டர் நேரில் கேட்டுவிடட்டும்.

சந்தேகம் இருந்தால் டாக்டர் எழுதுவது ரத்தப் பரிசோதனை இல்லை, 24 மணி நேரச் சிறுநீரில் 5-எச்.ஐ.ஏ.ஏ. செரட்டோனின் உடைந்து வெளியேறும் கழிவு அது. சாப்பாட்டை மாற்ற வேண்டிய இடம் இது ஒன்றுதான், அதுவும் மூன்று நாளைக்கு: வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய், கிவி, பிளம்ஸ், வால்நட், வெண்ணெய்ப் பழம் ஆகாது. சாப்பிட்டால் நோயே இல்லாதவனுக்கும் எண் எகிறும். நம் பக்கம் தக்காளியும் கத்தரிக்காயும் இல்லாமல் மூன்று நாள் சமைப்பது கஷ்டம்தான். கொள்ளு ரசம், வெங்காயப் புளிக்குழம்பு, கீரை மசியல் என்று ஓட்டிவிடலாம், புளிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. பாராசிட்டமாலும் இருமல் சிரப்பும்கூட எண்ணைக் குழப்பும், என்னென்ன சாப்பிடுகிறான் என்று லேபில் சொல்லிவிடுங்கள். 5-எச்.டி.பி.யை எத்தனை நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்பதை டாக்டர் சொல்லட்டும். கூடவே குரோமோகிரானின் என்று இன்னொரு சோதனை எழுதினால், பான்டோபிரசோல் மாதிரி கேஸ் மாத்திரை சாப்பிடுவதையும் சொல்லுங்கள், அது அந்த எண்ணைப் பொய்யாக ஏற்றும்.

வார விடுமுறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கம்பெனி பஸ்ஸில் கேனைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. காலையில் முதல் சிறுநீரை விட்டுவிட்டு அதற்குப் பிறகு வரும் ஒவ்வொன்றையும், மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை சேர்க்க வேண்டும். கேனுக்குள் லேபே கொஞ்சம் அமிலம் ஊற்றித் தந்திருந்தால், தண்ணீர் என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், கையிலும் படக் கூடாது.

அதுவரை இரண்டு காரியம். 5-எச்.டி.பி. டப்பாவையும் பவுடர் டப்பாவையும் எடுத்துக்கொண்டு எஸ்சிடலோபிராம் எழுதிய டாக்டரையே போய்ப் பாருங்கள். காப்சூலை நிறுத்தி எத்தனை நாள் கழித்து மாத்திரையைத் தொடங்கலாம் என்று அவர் சொல்லட்டும். எடுத்துப் போகவில்லை என்றால் அவருக்கும் தெரியாது, எனக்குத் தெரியாமல் போனது மாதிரி. அப்புறம், "இன்னைக்கு ராத்திரி அவன் வர்றான், களி கிண்டலாமா?" என்று போகும்போது கேட்டீர்கள், கூட்டத்தில் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. கிண்டுங்கள். கூட ஒரு முட்டையும் வையுங்கள்.